நம்ம கஷ்டத்துக்கு யார் காரணம்?

(குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசுவதற்கான பாடம். நேரம் இல்லாவிட்டால் இரண்டு கூட்டமாகப் பிரித்துப் படிக்கலாம்.)



கையில் காசு புழங்குற காலத்தில் யாரும் யாரையும் பெரிதாகக் குறை சொல்வதில்லை. வேலை குறைந்து, கடன் தவணை கட்ட முடியாமல் போகும்போதுதான் பேச்சு மாறுது. "வடநாட்டுக்காரங்க வந்து நம்ம வேலையைப் பிடுங்கிட்டாங்க." "வங்காளதேசத்துப் பொம்பளைங்க குறைஞ்ச கூலிக்குத் தைக்கிறாங்க, அதனாலதான் நம்ம ஊர் கம்பெனிக்கு ஆர்டர் இல்லை." இப்படி பஸ்ஸிலும் பேசுறாங்க, ரேஷன் கடை வரிசையிலும் பேசுறாங்க. நம்ம குழுக் கூட்டத்திலும் இந்தப் பேச்சு வருது.

பேசுறவங்களைக் கோபித்துக்கொள்ள முடியாது. அடுப்பு எரியாத வீட்டில் இருந்துதான் பேசுறாங்க. ஆனால் இந்தப் பேச்சு நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசிக்க வேண்டும். அதற்கு 160 வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் நடந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வோம். அதில் நம்ம நாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

பஞ்சு எங்கே இருந்து வந்தது?

இங்கிலாந்தின் வடக்குப் பகுதியில் லங்காஷயர் என்று ஒரு மாவட்டம். மான்செஸ்டர், ராச்டேல், ஓல்டாம் எல்லாம் அந்தப் பக்கத்து ஊர்கள். எங்கே பார்த்தாலும் பஞ்சு மில்லுதான். நூல் நூற்பது, துணி நெய்வது இதுதான் ஜனங்களின் பிழைப்பு. மில் வேலைக்காரர்களில் பாதிக்கு மேல் பெண்கள்.

அந்த ஊரில் பருத்தி விளையாது. குளிர் நாடு. மில்லுக்கு வந்த பஞ்சில் நாலில் மூன்று பங்குக்கு மேல் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இருந்து கப்பலில் வந்தது. அங்கே பருத்தியைப் பயிரிட்டவர்கள் யார்? ஆப்பிரிக்காவில் இருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அடிமைகள். 1860-இல் அப்படி சுமார் 40 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களுக்குக் கூலி கிடையாது. தாயை ஒரு பண்ணைக்கும் பிள்ளையை இன்னொரு பண்ணைக்கும் ஏலத்தில் விற்றார்கள்.

ஆக, அமெரிக்காவில் ஒரு அடிமைப் பெண் பறித்த பஞ்சை, மான்செஸ்டரில் ஒரு கூலிப் பெண் நூலாக்கினாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

சொல்ல வந்த ஒரு பெண்

1859-ஆம் வருஷம் ஜனவரி மாதம் அமெரிக்காவில் இருந்து சாரா பார்க்கர் ரெமண்ட் என்ற பெண் கப்பலில் இங்கிலாந்து வந்து இறங்கினார். கறுப்பினத்தைச் சேர்ந்தவர். அடிமையாக இல்லாத, சுதந்திரமான குடும்பத்தில் பிறந்தவர். ஆனாலும் சொந்த ஊர்ப் பக்கத்தில் அவருக்கும் அவமானம்தான். 1853-இல் பாஸ்டன் நகரத்தில் ஒரு இசை நாடகம் பார்க்க டிக்கெட் வாங்கிப் போனபோது, தனி இடத்தில்தான் உட்கார வேண்டும் என்று சொல்லி, மறுத்ததற்காகத் தள்ளிவிட்டார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. கோர்ட்டுக்குப் போய் ஜெயித்து, 500 டாலர் நஷ்ட ஈடு வாங்கினார்.

இந்தப் பெண்மணி இங்கிலாந்தில் ஊர் ஊராகப் போய்க் கூட்டம் பேசினார். பெண்கள் மேடையில் ஏறிப் பேசுவதே அதிசயமாக இருந்த காலம் அது. அடிமைப் பெண்களுக்கு நடக்கும் கொடுமைகளை மறைக்காமல் சொன்னார். மான்செஸ்டரில் பேசும்போது, இந்த ஊர் வீதியில் வண்டி வண்டியாகப் போகும் பஞ்சைப் பார்க்கும்போது, அது விளைந்த பண்ணைகள்தான் எனக்கு ஞாபகம் வருகிறது, அந்தப் பணத்தில் ஒரு காசு கூட உழைத்தவர் கைக்குப் போகவில்லை என்ற கருத்தில் பேசினார்.

வாரிங்டன் என்ற ஊரில் பெண்கள் சேர்ந்து அவருக்கு ஒரு கடிகாரத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதில் தங்களை அவருடைய சகோதரிகள் என்று பொறித்துக் கொடுத்தார்கள். நம்ம குழுவில் ஒருவரை ஒருவர் சகோதரி என்கிறோமே, அதே வார்த்தைதான்.

இந்தக் கூட்டங்கள் நடந்தபோது மில்லில் வேலை நன்றாக இருந்தது. பஞ்சம் இன்னும் வரவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பஞ்சு நின்றது

1861 ஏப்ரலில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் தொடங்கியது. அடிமை முறையை விட மனமில்லாத தென் மாநிலங்கள் தனி நாடு என்று அறிவித்துவிட்டன. ஆபிரகாம் லிங்கன் தலைமையில் இருந்த வட பகுதி அரசு, தெற்குத் துறைமுகங்களைக் கப்பல் படையால் மறித்தது. பஞ்சு வெளியே போகக் கூடாது, விற்ற காசில் ஆயுதம் வாங்கக் கூடாது என்பது திட்டம்.

லங்காஷயரில் மில்லுகள் ஒவ்வொன்றாக மூடின. போர் மட்டும் காரணம் இல்லை. அதற்கு முந்தின ஓரிரண்டு வருஷத்தில் முதலாளிகள் அளவுக்கு மீறித் துணி உற்பத்தி செய்து, குடோனில் அடுக்கி வைத்திருந்தார்கள். பஞ்சு நின்றதும் விலை ஏறியது. சரக்கு வைத்திருந்தவர்கள் லாபம் பார்த்தார்கள். வேலைக்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

1862 டிசம்பரில் கிட்டத்தட்ட 5 லட்சம் பேர் நிவாரணத்தை நம்பி இருந்தார்கள். சேமிப்பு கரைந்தது. பிறகு படுக்கை, துணிமணி எல்லாம் அடகுக் கடைக்குப் போனது. நிவாரணம் வாங்க ஆண்கள் கல் உடைக்க வேண்டும். பெண்களைத் தையல் பள்ளிகளில் உட்கார வைத்தார்கள். நேற்று வரை சொந்தக் காலில் நின்றவர்கள், கமிட்டிக்காரர் முன்னால் கை நீட்டி நிற்க வேண்டி வந்தது. அந்த வலி நமக்குப் புரியாததா?

இந்த நேரத்தில்தான் ஒரு பேச்சு கிளம்பியது. "உங்க பசிக்குக் காரணம் லிங்கன் போட்ட தடை. நம்ம அரசாங்கம் கப்பல் படையை அனுப்பி அந்தத் தடையை உடைக்கட்டும். தெற்கு நாட்டை அங்கீகரிக்கட்டும். நாளைக்கே பஞ்சு வரும், மில் திறக்கும்." பெரிய பெரிய வியாபாரிகளும் சில பத்திரிகைகளும் இப்படிப் பேசினார்கள். சொன்னதில் ஒரு பாதி உண்மையும் இருந்தது. தடையை உடைத்தால் பஞ்சு வந்திருக்கும். ஆனால் அந்த 40 லட்சம் பேரின் விலங்கு அப்படியே இருந்திருக்கும்.

அவர்கள் எடுத்த முடிவு

1862 டிசம்பர் 31-ஆம் தேதி மான்செஸ்டரில் ஃப்ரீ டிரேட் ஹால் என்ற மண்டபத்தில் ஒரு பெரிய கூட்டம் நடந்தது. மறுநாள் 1863 ஜனவரி 1-ஆம் தேதி, எதிர்த்துப் போரிடும் மாநிலங்களில் உள்ள அடிமைகள் எல்லாம் விடுதலை என்ற லிங்கனின் பிரகடனம் அமலுக்கு வர இருந்தது. வேலை இல்லாத, அரை வயிறு சாப்பிட்ட தொழிலாளர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். எங்களுக்குப் பஞ்சு அனுப்பு என்று அவர்கள் லிங்கனிடம் கேட்கவில்லை. அடிமை முறையை ஒழிக்கும் வேலையைப் பாதியில் விட்டுவிடாதீர்கள் என்றுதான் கடிதம் நிறைவேற்றி அனுப்பினார்கள்.

1863 ஜனவரி 19-ஆம் தேதி லிங்கன் பதில் எழுதினார். அவர்கள் படும் கஷ்டம் தனக்குத் தெரியும் என்றும், இப்படி ஒரு நிலைமையில் இப்படி ஒரு முடிவு எடுத்தது பெரிய வீரம் என்றும் எழுதினார். அடுத்த மாதமே அமெரிக்க மக்கள் திரட்டி அனுப்பிய 'ஜார்ஜ் கிரிஸ்வோல்ட்' என்ற கப்பல் லிவர்பூல் துறைமுகத்துக்கு வந்தது. அதில் மாவு பீப்பாய்கள். சண்டை நடக்கிற நாட்டில் இருந்து, வேலை இழந்தவர்களுக்குச் சாப்பாடு வந்தது. அதில் ஒரு பீப்பாயை ராச்டேல் ஊர் அருங்காட்சியகத்தில் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

எல்லோரும் ஒரே மாதிரி நினைத்தார்கள் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். சில ஊர்களில் தெற்குக்கு ஆதரவாகவும் கூட்டம் நடந்தது. பசி அப்படிப் பேச வைத்தது. ஆனாலும் பட்டினி கிடந்தவர்களே இப்படிச் சொன்ன பிறகு, அவர்கள் பேரைச் சொல்லிப் போருக்குப் போவது இங்கிலாந்து அரசாங்கத்துக்குச் சுலபமாக இல்லை. வேறு காரணங்களும் சேர்ந்து, கடைசி வரை இங்கிலாந்து அந்தப் போரில் இறங்கவில்லை.

வாயை மூடிக்கொண்டு பொறுத்தார்களா?

இல்லீங்க. இதுதான் முக்கியம். தூரத்தில் உள்ளவர்களுக்காகப் பொறுத்தவர்கள், சொந்த ஊரில் அநியாயத்தைப் பொறுக்கவில்லை. 1863 மார்ச்சில் ஸ்டேலிபிரிட்ஜ் என்ற ஊரில், நிவாரணத்தைக் காசாகக் கொடுக்காமல் குறிப்பிட்ட கடையில் மாற்றும் டிக்கெட்டாகக் கொடுப்போம் என்றதும் பெரிய கலவரமே நடந்தது. எங்கள் காசை எப்படிச் செலவு செய்வது என்று எங்களுக்குத் தெரியும் என்பது அவர்கள் வாதம். அதே 1863-இல், உள்ளூர் நிர்வாகங்களுக்குக் கடன் கொடுத்துச் சாக்கடை, ரோடு, பூங்கா வேலைகளை நடத்த ஒரு சட்டம் வந்தது. ஓல்டாமில் உள்ள அலெக்ஸாண்ட்ரா பூங்கா அப்படி வேலை இழந்த மில் தொழிலாளர்கள் கையால் உருவானது. நம்ம 100 நாள் வேலைத் திட்டத்துக்கு தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அவர்களுக்கு நிற்க ஒரு தளமும் இருந்தது. ராச்டேலில் 1844-இலேயே 28 பேர் ஆளுக்கு ஒரு பவுண்டு வீதம் சிறுகச் சிறுகச் சேர்த்து, மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவத்தி விற்கும் கூட்டுறவுக் கடை ஒன்றை ஆரம்பித்திருந்தார்கள். பெண்களும் அதில் உறுப்பினராகலாம். கணக்கு எல்லோருக்கும் திறந்திருந்தது. பஞ்சு நின்ற காலத்தையும் அந்தக் கடை தாண்டி நின்றது. சங்கத்தில் உட்கார்ந்து பேசி முடிவெடுத்துப் பழகியவர்களுக்குத்தான் நெருக்கடியிலும் சேர்ந்து முடிவெடுக்க வரும்.

யாரும் பார்க்காத மூன்றாவது ஆள்

இந்தக் கதையில் நம்ம பங்கு இனிமேல்தான். அமெரிக்கப் பஞ்சு நின்றதும் மில் முதலாளிகள் இந்தியாவின் பக்கம் திரும்பினார்கள். பஞ்சு விலை எகிறியது. தக்காணத்தில், அதாவது இன்றைய மகாராஷ்டிரா பக்கம், வட்டிக்காரர்கள் விவசாயிகளைத் தேடி வந்து பணம் கொடுத்தார்கள். பருத்தி போட்டால் ஏக்கருக்கு 100 ரூபாய் முன்பணம். கேட்காமலே வரும் கடன் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும்.

1865-இல் அமெரிக்கப் போர் முடிந்தது. அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. பஞ்சு மறுபடி அமெரிக்காவில் இருந்து கிளம்பியது. இந்தியப் பருத்தி விலை சரிந்தது. பம்பாயில் பெரிய பெரிய கம்பெனிகள் விழுந்தன. விவசாயிக்குக் கடன் மட்டும் மிச்சம். அரசாங்கமோ நிலவரியை ஏற்றியது. வட்டிக்காரர்கள் புதுக் கடன் கொடுக்க மறுத்து, பழைய பத்திரத்தை நீட்டினார்கள். 1875 மே மாதம் பூனா மாவட்டத்தில் சூபா என்ற ஊரில் விவசாயிகள் திரண்டு, வட்டிக்காரர்களின் கணக்குப் புத்தகத்தையும் கடன் பத்திரத்தையும் பிடுங்கிக் கொளுத்தினார்கள். பல கிராமங்களுக்கு அது பரவியது. 1879-இல் அரசாங்கம் கடனாளி விவசாயிகளுக்காகத் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது.

யோசித்துப் பாருங்கள். அமெரிக்க அடிமையின் கதையை மான்செஸ்டருக்குப் போய்ச் சொல்ல சாரா ரெமண்ட் இருந்தார். அதனால் அங்கே உள்ளவர்களுக்கு அவள் ஒரு மனுஷியாகத் தெரிந்தாள். தக்காணத்து விவசாயியின் கதையைச் சொல்ல யாரும் போகவில்லை. அதனால் அவருக்காக எந்த மண்டபத்திலும் கூட்டம் நடக்கவில்லை.

அதே ஊருக்குக் காந்தி போனார்

பிறகு 1931 வந்தது. உலகம் முழுக்கப் பெரிய பொருளாதார நெருக்கடி. லங்காஷயரில் மறுபடியும் மில்லுகள் மூடிக் கிடந்தன. ஜப்பான் போட்டி, இந்திய மில்லுகளின் வளர்ச்சி, உலக மந்தம் என்று பல காரணம். அதோடு நம்ம நாட்டில் அந்நியத் துணி பகிஷ்காரமும் நடந்தது. "காந்தியால்தான் நமக்கு வேலை போச்சு" என்று அங்கே பேச்சு.

லண்டனில் வட்டமேசை மாநாட்டுக்குப் போயிருந்த காந்தி, செப்டம்பர் கடைசியில் லங்காஷயருக்கே போனார். டார்வன் என்ற ஊரில் மில் தொழிலாளர்களைச் சந்தித்தார். அவர்கள் வேலை போனதற்கு வருத்தப்பட்டார். ஆனால் பகிஷ்காரத்தை விட்டுவிடுவதாகப் பொய் வாக்குறுதி கொடுக்கவில்லை. உங்கள் நாட்டில் வேலை இல்லாதவர்கள் 30 லட்சம், எங்கள் நாட்டில் வருஷத்தில் பாதி நாள் வேலை இல்லாமல் இருப்பவர்கள் 30 கோடி என்று கணக்கைச் சொன்னார். கைராட்டை எங்கள் கிராமத்துப் பெண்களின் கஞ்சி என்று புரிய வைத்தார். வேலை இழந்த ஒருவர், நானும் இந்தியாவில் இருந்திருந்தால் இதையேதான் சொல்லியிருப்பேன் என்று சொன்னதாகப் பதிவு இருக்கிறது. காந்தியைச் சுற்றி நின்று மில் பெண்கள் கைதூக்கி ஆரவாரம் செய்யும் போட்டோ இன்றைக்கும் பிரபலம்.

அதனால் மில்லுகள் திறந்துவிடவில்லை. ஆனால் பகை வளர வேண்டிய இடத்தில் வளரவில்லை. அதுவும் சின்ன விஷயம் இல்லை.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

ஒன்று: இரக்கம் வேறு, ஒற்றுமை வேறு. இரக்கம் என்றால் நம்மிடம் மிஞ்சியதைக் கொடுப்பது. ஒற்றுமை என்றால், நம் கோரிக்கை இன்னொரு ஏழையின் கழுத்தில் விழாமல் பார்த்துக் கேட்பது.

இரண்டு: மற்றவர் கதையைக் கஷ்டம் வருவதற்கு முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும். பசி வந்த பிறகு காது கேட்காது. ரெமண்ட் 1859-இல் பேசியது 1862-இல் பலன் கொடுத்தது.

மூன்று: ஒற்றுமை என்ற பேரில் நம் உரிமையை விட்டுவிட வேண்டியதில்லை. லிங்கனுக்குக் கடிதம் எழுதிய அதே மக்கள்தான், நிவாரணத்தை மரியாதையாகக் கொடு, வேலை கொடு என்று கேட்டவர்கள்.

2020-இல் கொரோனா வந்தபோது வெளிநாட்டுக் கம்பெனிகள் ஆர்டரை ரத்து செய்தார்கள். திருப்பூரில் வேலை போனது. அதே மாதம் டாக்காவிலும் வேலை போனது. வங்காளதேசத்துத் தையல்காரப் பெண் நம் வேலையைப் பிடுங்கியிருந்தால் அவளுக்காவது வேலை இருந்திருக்க வேண்டும் அல்லவா? இரண்டு பேருக்கும் ஆர்டர் கொடுப்பதும் நிறுத்துவதும் ஒரே வியாபாரிகள். கூலியைக் குறைக்க அவளைக் காட்டி நம்மைப் பயமுறுத்துவார்கள், நம்மைக் காட்டி அவளைப் பயமுறுத்துவார்கள். இரண்டு பக்கமும் இது தெரிந்தால் அந்த மிரட்டல் செல்லாது.

இன்னொரு சின்ன விஷயம். லிங்கனின் பதில் கடிதம் மான்செஸ்டரின் "உழைக்கும் ஆண்களுக்கு" என்று எழுதப்பட்டிருந்தது. மில்லில் பாதிக்கு மேல் பெண்கள் என்று பார்த்தோம். அவர்கள் பேர் அதில் இல்லை. மான்செஸ்டரில் இப்போது லிங்கன் சிலை இருக்கும் இடத்தில், பீடத்தில் அந்த வாசகத்தை "உழைக்கும் மக்கள்" என்று மாற்றிப் பொறித்திருக்கிறார்கள். சிலை அந்த இடத்துக்கு வந்தது 1986-இல். 120 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நம்ம பேரை நாமே நோட்டில் எழுதாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

குழுவில் பேசுவதற்கு

1. போன தடவை வேலை குறைந்தபோது யாரைக் குறை சொன்னோம்? அவர்கள் வீட்டு நிலைமை நமக்குத் தெரியுமா?

2. நம்ம ஊரில் செங்கல் சூளை, மில், கட்டட வேலைக்கு வெளி மாநிலத்தில் இருந்து வந்த பெண்கள் இருக்கிறார்களா? அவர்களில் ஒருவரையாவது நம் கூட்டத்துக்குக் கூப்பிட்டு அவர்கள் கூலி, வாடகை, கடன் பற்றிக் கேட்கலாமா? மொழி தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

3. மான்செஸ்டர்க்காரர்கள் இடத்தில் நாம் இருந்திருந்தால் என்ன முடிவு எடுத்திருப்போம்? பிள்ளை பசியோடு இருக்கும்போது அப்படி முடிவு எடுப்பது நியாயமா? இரண்டு பக்கமும் பேசுங்கள். ஒரே பதில் வர வேண்டிய கட்டாயம் இல்லை.

4. கூலி, ரேஷன், 100 நாள் வேலை பற்றி நாம் வைக்கும் கோரிக்கையில், வெளியூர்ப் பெண்களையும் சேர்த்துக் கேட்டால் நமக்குப் பலம் கூடுமா, குறையுமா?

பேசி முடித்ததும் தீர்மான நோட்டில் இரண்டு வரியாவது எழுதுங்கள். ஊக்குநர், பிரதிநிதியோடு பேசியவர்கள் எல்லோருடைய பேரையும் எழுதுங்கள். அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது அந்த நோட்டைக் கொண்டு வாருங்கள். எந்தக் குழு என்ன முடிவு செய்தது என்று சேர்ந்து படித்துப் பார்ப்போம்.